கோட்டைக்குள் வாழ்ந்த வீடுகள்: காலியில் தங்கியபோது எடுத்த குறிப்புகள்

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் காலிக் கோட்டைக்கும் பிறப்புக் கதை ஏறத்தாழ ஒன்றுதான். போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் இடித்துப் பெருப்பித்துக் கட்டினார்கள், ஆங்கிலேயர் வந்து கைப்பற்றினார்கள். காலி 1640இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் வசமாயின. 1795இல் யாழ்ப்பாணமும் 1796இல் காலியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டைக்குள் படை இருந்தது, தேவாலயம் இருந்தது, அதிகாரியின் மாளிகை இருந்தது, பின்னாளில் மறியற்சாலையும் இருந்தது. குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்கள் மதிலுக்கு வெளியேதான். காலியில் ஊரே மதிலுக்குள் இருக்கிறது. 14 கொத்தளங்கள் சூழ, தெருவும் வீடும் கடையும் நீதிமன்றமும் பள்ளிவாசலும் கோயிற்பணியும் அரபு மத்ரஸாவும் என்று இன்றுவரை மூச்சு விடும் ஊர் அது. அந்த ஊரின் வீடுகளில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கணிசமாக வாழ்ந்தவர்கள் நம்மவர்கள்.

மதில் சூழ்ந்த பழைய நகரமொன்றுக்குப் போனால் அங்குள்ள பழைய வீடொன்றிலேயே தங்க வேண்டும் என்பது இன்று பயணிகளிடையே பரவலான ஆசை. காலிக் கோட்டையில் அதற்கேற்ற ஹோட்டல்கள் தெருவுக்குத் தெரு உண்டு. நானும் ஐந்து இரவுகள் அங்கே இருந்தேன். இரண்டு இரவு பழைய வீட்டு ஹோட்டலில், மூன்று இரவு குடும்பமொன்று வசிக்கும் வீட்டின் மேல்மாடி அறையில். கோட்டைக்குள் முஸ்லிம் வீடுகளின் வரலாற்றைப் பற்றிக் குறிப்பெடுப்பதே நோக்கம். அந்த ஹோட்டல்கள் சொல்லும் வரலாற்றில் ஒரு நூற்றாண்டு காணாமற்போயிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துறையும் தங்குமிடமும்

நான் இருப்பது கொழும்புத்துறையில். யாழ்ப்பாணப் பட்டினத்தின் கிழக்கோரம், கடனீரேரிக் கரை. தரைவழிப் போக்குவரத்து இன்றுபோல் அமைவதற்கு முன் பூநகரிப் பக்கமிருந்து தோணியில் வந்தவர்கள் இறங்கிய துறைகளில் இதுவும் ஒன்று. எதிர்க்கரையில் பூநகரிக் கோட்டைக்குள் ஆங்கிலேயர் 1805இல் ஒரு வாடிவீடு அமைத்தார்கள். தோணிக்குக் காத்து நிற்கும் உத்தியோகத்தர் இராத் தங்குவதற்கு அது. சாதாரண சனத்துக்கு வாடிவீடு இல்லை. அவர்களுக்கு மடங்கள் இருந்தன. பருத்தித்துறையில் தெருவையே மூடி நிற்கும் தெருமூடி மடத்தை இப்போதும் பார்க்கலாம். நம்மவர்களில் முசாபிராக வந்தவருக்குப் பள்ளிவாசல் திண்ணையும், அதைவிட முக்கியமாக ஊரவர் வீடும் இருந்தன. வழிப்போக்கரை மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருப்பது கடமை என்று கற்பிக்கப்பட்ட சமூகத்தில் தங்குமிடம் என்றாலே ஒருவருடைய வீடுதான்.

காலியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய பயணக் குறிப்பும் இதையே சொல்கிறது. இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். அவரை முதலில் வரவேற்றவர் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி. பத்தாலா என்று அவர் குறித்த இடம் இன்றைய புத்தளம் என்று கொள்ளப்படுகிறது. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, அந்தத் தமிழ் மன்னர் பல்லக்கும் தூக்குபவர்களும் கொடுத்து, வழித்துணையாக யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தன்னுடைய ஆட்கள் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் என்று அனுப்பிவைத்தார். மலை இறங்கித் தென்கரை வழியாகத் தெவிநுவரையைக் கடந்து அவர் வந்த சிற்றூர்தான் 'காலி'. அங்கே தமக்கு விருந்தளித்தவர் என்று அவர் பெயர் சொல்லி எழுதியிருப்பது ஒரு முஸ்லிமை: கப்பல் தலைவர், நாகுதா இப்ராஹீம்.

போர்த்துக்கேயர் இத்தீவில் காலடி வைத்தது 1505இல். அதற்கு 160 வருடங்களுக்கு முன்பே காலியில் பயணியை வரவேற்க ஒரு முஸ்லிம் இருந்திருக்கிறார். 1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்த கல்லில் மும்மொழிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் சீனத்துடன் இருப்பவை தமிழும் பாரசீகமும். இந்தத் துறையில் எந்த மொழிகள் பேசினால் காரியம் நடக்கும் என்று சீனருக்குத் தெரிந்திருந்தது.

தெருப் பெயரிலிருந்து உதிர்ந்த சொல்

கோட்டைக்குள் பெட்லர் வீதி என்று ஒன்று உண்டு. ஊர் சுற்றி விற்கும் வியாபாரிகளின் தெரு என்பது பொருள். ஒல்லாந்தர் காலத்தில் அதன் பெயர் 'மூர்ஸ கிராமர் ஸ்திராத்', அதாவது சோனக வியாபாரிகளின் தெரு. ஆங்கிலத்துக்கு மாறும்போது வியாபாரி நின்றார், சோனகர் உதிர்ந்துபோனார்.

பெயர் இருந்த காலத்திலும் சோனகருக்கு நல்ல காலம் என்று சொல்ல முடியாது. போர்த்துக்கேயர் 1626இல் கரையோரச் சோனகரைத் துரத்தியபோது கண்டி மன்னர் செனரத் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினார். ஒல்லாந்தர் வியாபாரத்துக்கு இடம் கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். கொழும்பில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வாங்கத் தடை இருந்தது. அந்தத் தடை நீங்கியது ஆங்கிலேயர் ஆட்சியில், 1832இல்.

காலியில் நம்மவர்கள் கோட்டைக்குள் பெருகியது நீராவிக் கப்பற் காலத்திலும் அதன் பிறகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் காலியில் நின்றன. பயணிகள் கரையிறங்கித் தங்க இடம் தேவைப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒல்லாந்த அதிகாரிகளின் கட்டடமொன்று 1860களில் ஹோட்டலாகி, நியூ ஓரியண்டல் என்று பெயர் பெற்றது. இன்று அது அமன்கல்ல. கோட்டைக்குள் பழைய கட்டடத்தை ஹோட்டலாக்குவது நேற்று வந்த வழக்கமல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அந்தக் கப்பற் பயணிகளுக்கு இரத்தினக்கல் விற்றவர்கள் நம்மவர்கள். மாக்கான் மாக்கார் குடும்பத்தின் நகை வியாபாரம் 1860இல் தொடங்கியது காலியிலேதான். அந்தக் குடும்பத்தில் வந்த சேர் முஹம்மது மாக்கான் மாக்கார் 1931இல் அமைந்த முதலாவது அரசாங்க சபையில் அமைச்சராக இருந்தார்.

கொழும்பில் அலைதடுப்பு அணை 1885இல் முடிந்ததும் கப்பல்கள் கொழும்புக்கே போயின. காலி சோர்ந்தது. வேலை தேடிப் பறங்கியர் கொழும்புக்குப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் பலர் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளை வாங்கிக் குடியேறியவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். 1892இல் கோட்டைக்குள் பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி தொடங்கியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிச்சவீட்டுக்கு அருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் எழுந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தேவாலயம் போலத் தோன்றும். கிட்டப் போனால்தான் பள்ளி என்று தெரியும்.

வீடு எப்படி விடுதியாகிறது

1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றம் சட்டமூலம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டவர் காணி வாங்கினால் விலைக்குச் சமமான வரி, அதாவது நூற்றுக்கு நூறு, கட்ட வேண்டும் என்றிருந்த சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. 2004 முடிவில் அந்த வரி திரும்ப வந்தது. இடைப்பட்ட அந்தச் சிறு காலத்திலும் அதைத் தொடர்ந்தும் கோட்டை வீடுகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வெளியே பட்டினம் அழிந்தது. மதிலுக்குள் ஊர் பெரிதும் தப்பியது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைக் கட்டுப்படுத்தி, நீண்டகாலக் குத்தகைக்கு வழி விட்டது. அதற்குள் பல வீடுகள் கைமாறி முடிந்திருந்தன.

வாங்கியவரை மட்டும் பார்த்து எழுதினால் பாதி வரலாறுதான் வரும். விற்றவர் ஏன் விற்றார்?

ஒரு கணக்குப் பார்ப்போம். உயில் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் சட்டப்படி மார்க்கப் பங்கீடே பொருந்தும். ஒருவருக்கு மனைவி, 3 ஆண்மக்கள், 4 பெண்மக்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை 80 பங்காக்கினால் மனைவிக்கு 10, ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் 14, பெண்மகள் ஒவ்வொருவருக்கும் 7. இது ஒரு தலைமுறைக்கு. அந்த எட்டுப் பேரின் வாரிசுகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் இதைப் பிரித்துப் பாருங்கள். நடுமுற்றமும் தூண்களும் உள்ள வீட்டை யாரும் வெட்டிப் பிரிக்க ஏலாது. ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கவும் காசில்லை. கூரை ஒழுகும். ஓடு, மரம், சுண்ணாம்புச் சாந்து எல்லாவற்றுக்கும் தொல்பொருள் விதிகள், அனுமதிகள். அப்படியிருக்கையில் ஒருவர் வந்து, எல்லாப் பங்கையும் சேர்த்து நல்ல விலைக்கு எடுக்கிறேன் என்றால் என்ன செய்வார்கள்?

நான் தங்கிய வீட்டு மாமிக்கு எண்பதுக்குக் கிட்ட வயது. அவர் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி, இப்போது ஹோட்டல். வித்தது பிழை என்று நினைக்கிறீங்களா மாமி என்று கேட்டேன்.

"எப்பிடி மகன் பிழைண்டு செல்லுற? பதினேழு பேர்ட பங்கு. மழை பெஞ்சா ஊட்டுக்குள்ள கொட பிடிக்கணும். வித்துத்தான் நாலு பொம்புளப் புள்ளகளுக்கு ஊடு எடுத்துக் குடுத்த" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒருநாள் வாசல்ல நிண்டு உள்ளுக்குப் பாத்துக்கொண்டு நிக்கேக்க, அந்தப் புள்ள வந்து ரூம் வேணுமா மேடம்ண்டு கேட்டிச்சி. அந்த ஊட்டுலதான் எனக்கு நிக்காஹ் நடந்த" என்றார்.

ஹோட்டலின் இரண்டு இரவுகள்

இனி ஹோட்டலைப் பற்றி. நியாயமாகச் சொன்னால், வீடு நன்றாகப் பேணப்பட்டிருந்தது. தெருவோர இஸ்தோப்பு, மரத்தூண்கள், உயர்ந்த கூரை, பின்னால் நடுமுற்றமும் கிணறும். மேல்தளத்துப் பலகைகூடப் பழையது. இப்படிச் செலவழித்துப் புதுக்க அந்தப் பதினேழு பங்காளர்களால் முடிந்திராது. கோட்டைக்குள் இந்த மாதிரிப் புனரமைப்பு ஒன்றுக்கு, காலிக் கோட்டை ஹோட்டலுக்கு, 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்திருக்கிறது. பழைய வீட்டில் தங்குவதால் புத்தகத்தில் பிடிபடாத சில விஷயங்களும் பிடிபடுகின்றன. நண்பகலில் முற்றத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, தெருவில் நிற்பவரின் பேச்சு உள்ளறைக்கு எவ்வளவு கேட்கும், வெளியார் வரும்போது பெண்கள் எந்த வழியால் பின்பக்கம் போயிருப்பார்கள் என்பதெல்லாம் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வரவேற்பறைச் சுவரில் வீட்டின் சரித்திரம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஒல்லாந்த வணிகரின் இல்லம் என்று தொடங்கி, ஆங்கிலேயர் காலத்தை ஒரு வரியில் கடந்து, பாழடைந்து கிடந்ததை மீட்டெடுத்தோம் என்று முடிந்தது. கிணற்றடியில் நீள்சதுரமாக ஒரு சீமெந்துத் தொட்டி. அல்லி வளர்த்திருந்தார்கள். ஓரத்தில் ஆள் குந்தியிருந்து கால் கழுவும் உயரத்தில் ஒரு திட்டு. அது வுழூச் செய்யக் கட்டிய ஹவுல் என்று நம்மவர் யாரும் பார்த்தவுடன் சொல்வார்கள். வேலை செய்யும் தம்பியிடம் இது என்ன என்று கேட்டேன். "ஒல்லாந்தர் காலத்துக் குளம் சேர்" என்றார். சீமெந்து எப்போது இந்த நாட்டுக்கு வந்தது என்று நான் அவரோடு வாதாடவில்லை.

அவரில் குறை இல்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். பயணி ஒல்லாந்தரைத் தேடி வருகிறார், ஹோட்டல் ஒல்லாந்தரைக் காட்டுகிறது. நடுவில் நூறு வருடம் அந்த வீட்டில் பிறந்து, ஓதி, நிக்காஹ் முடித்து, மௌத்தாகிப் போனவர்கள் 'பாழடைந்து கிடந்தது' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் அவர்களுடைய சான்று எங்கே இருக்கிறது? உறுதிகளில். ஒரு குடும்பம் எனக்குக் காட்டிய பழைய உறுதியொன்றில் வீடு தாயிடமிருந்து மகளுக்கு, அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று சீதனமாகப் போயிருந்தது. நம்மவர் பல ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆகவே இந்த வீடுகளின் வரலாறு பெரும்பாலும் பெண்களின் பெயரில் எழுதப்பட்ட வரலாறு. சுவரில் மாட்டிய சட்டத்தில் ஒரு பெண் பெயரும் இல்லை.

சோனகத் தெருவிலிருந்து பார்க்கும்போது

யாழ்ப்பாணத்திலிருந்து போனவனுக்கு இது வேறு விதமாகச் சுடும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதும் சேர்த்து அந்த நாட்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தார்கள். ஆரியச் சக்கரவர்த்தி இப்னு பதூதாவை விருந்தாளியாக வரவேற்ற அதே புத்தளத்தில் அவர்களில் மிகப் பலர் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது சோனகத் தெருவில் கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்கள் நின்றன. காலியில் வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் போய்விட்டார். எங்களிடம் வீட்டுக்காரர் வந்தார், வீடு இல்லை.

இரண்டையும் ஒன்றாக்க நான் சொல்லவில்லை. ஒன்று விருப்பத்தோடு, விலை பேசி விற்றது. மற்றது பறிபோனது. ஆனால் ஆராய்ச்சி செய்பவனுக்கு இரண்டிடத்திலும் ஒரே தட்டுப்பாடு: எழுதி வைத்தது குறைவு. ஒல்லாந்தர் தோம்பு எழுதி வைத்தார்கள். அதனால்தான் முந்நூறு வருடம் கழித்தும் அவர்கள் வீட்டுக்குப் பெயர் இருக்கிறது. வெளியேற்றத்தின்போது உறுதிகளை எடுத்துக்கொண்டு வரப் பலருக்கு நேரமிருக்கவில்லை. எது யாருடைய வளவு என்பதைப் பக்கத்து வளவுக்காரரின் ஞாபகத்தை வைத்து நிறுவ வேண்டியிருந்தது. காலிக்காரர்களுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. அவர்களுடைய கடதாசிகள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. வீடு விற்றபின் பழைய உறுதி எதற்கு என்று எறிந்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவசரம் அங்கேதான்.

செய்யக்கூடியது பெரிய வேலையல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். தெரு, வீட்டின் பழைய இலக்கம், யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கியது, யார் யாருக்குச் சீதனமாகப் போனது, எந்த ஆண்டு விற்றது, நடுமுற்றத்தில் எது இருந்தது. உறுதியின் பிரதியும், கலியாண வீட்டுப் படமொன்றும் கூட இருந்தால் நல்லது. பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவுகளோடு ஒப்பிட்டால் ஆண்டுகள் சரியாகும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஹோட்டல்காரரிடம் போனால், சுவரில் இன்னும் நாலு வரி சேர்க்க மாட்டேன் என்று சொல்வார்களென்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் கதை தேவை. நாம்தான் கொடுக்கவில்லை.

பயணம் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காலிக்குப் போங்கள். பழைய வீட்டு ஹோட்டலில் தங்க வசதியிருந்தால் தங்குங்கள், அந்தக் கூரையின் கீழ் ஓரிரவு இருப்பது வீண்செலவல்ல. ஆனால் ஓரிரவாவது குடும்பம் இன்னும் வசிக்கும் வீட்டில் அறை எடுங்கள். அந்த வாடகை ஓர் ஓடு மாற்ற உதவும், ஒரு பங்காளருடைய விற்கும் எண்ணத்தைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடவும் கூடும். அஸர் தொழுதுவிட்டு மதில்மேல் நடந்தால் மஃரிப் வரை உட்காரலாம். ஹோட்டலில் தங்கினால், 1920இல் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று வரவேற்பறையில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குச் சொல்ல அவர்கள் தேடி வைப்பார்கள்.

இப்போது என்னிடம் மூன்று வீடுகளின் பக்கங்கள் இருக்கின்றன. இரண்டு காலிக் கோட்டையில், ஒன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். மாமி பிறந்த வீடு அவற்றில் முதலாவது. கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் காலிக் குடும்பத்தவர் இதை வாசித்தால், அலுமாரியைத் திறந்து உறுதியைத் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.